மதுபனி: சுவரிலிருந்து தாளுக்கு வந்த கலை

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை எடுத்துரைக்கத் தகுதி மிக்கவர்கள் இம்மேடையில் பலர் உளர். எங்களுக்கு அளிக்கப்பட்ட தலைப்பு வேறு. சென்ற அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஆசிரியர் சிலரும் மேல்வகுப்பு மாணவர் சிலருமாகப் பீகார் மாநிலத்து மதுபனி நகருக்குச் சென்று வந்தோம். அங்குக் கண்டவற்றைக் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பயணக் கதையாக மட்டும் கூறி அமர்வது எங்கள் நோக்கமன்று. நம் இளைஞர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. பாட்டன் செய்த கைத்தொழிலையும் கலையையும் நாம் பேண வேண்டுமா, அல்லது தலைமுழுகிவிட்டுப் படிப்பு ஒன்றையே பற்றிக்கொண்டு மேலேற வேண்டுமா என்பதே அவ்வினா. அதற்கான விடையின் ஒரு பகுதி அந்தச் சிறு நகரில் எங்களுக்குக் கிடைத்தது. அதனை உங்கள்முன் வைக்கவே இவ்வுரை.

மதுபனியைத்தான் தேர்ந்தெடுத்தது ஏன் எனச் சிலர் கேட்கக்கூடும். 2024-ஆம் ஆண்டில் சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் என்னும் ஓவியத் தம்பதியர்க்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. இருவரும் மதுபனியைச் சேர்ந்தவர்கள். துசாத் எனவும் பாஸ்வான் எனவும் வழங்கப்படும் சமூகத்தினர். அச்சமூகம் பீகாரில் பட்டியல் சாதியாரின் வரிசையில் உள்ளது. ஊர்க்காவல் பார்ப்பதும் பண்ணை நிலங்களில் கூலி செய்வதுமே நெடுங்காலம் அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தன. அத்தகைய குடியிருப்பிலிருந்து இருவர் தூரிகை ஏந்தி நாட்டின் உயர்விருது பெற்றனர் என்ற செய்தியை நாளிதழில் படித்த அன்றே, அவ்வூரைக் காண வேண்டும் என்ற எண்ணம் நம் மாணவர்களிடையே எழுந்தது.

சென்னையிலிருந்து பாட்னா வரை இரயிலில் ஏறத்தாழ இரண்டு நாள் பயணம். பாட்னாவில் கங்கையின் பெரும்பாலத்தைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்ல வேண்டும். தர்பங்கா நகரைத் தாண்டிச் சுமார் 35 கி.மீ. சென்றால் மதுபனி. அதற்கு அப்பால் நேபாள நாட்டின் எல்லை. இமயத்திலிருந்து இறங்கும் கமலா, கோசி முதலிய ஆறுகள் பாயும் சமவெளி அது. மழைக்காலத்தில் வெள்ளம் ஊரைச் சூழ்வது அம்மக்களுக்குப் பழகிப்போன துன்பம். நாங்கள் சென்ற குளிர்காலத்தில் காலை பத்து மணி வரை பனிமூட்டம் விலகவில்லை. கம்பளி இல்லாமல் சென்ற நம் மாணவர் சிலர் போர்வைக்குள்ளிருந்தே ஊரைப் பார்த்தனர்!

இப்பகுதிக்கு மிதிலை என்பது பழம்பெயர். மக்கள் பேசுவது மைதிலி. அம்மொழி 2003-ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. மைதிலியின் பெருங்கவிஞர் வித்யாபதி பிறந்த பிஸ்பி என்னும் ஊரும் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. தர்பங்கா மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த மதுபனி 1972-இல் தனி மாவட்டமாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகரின் மக்கள்தொகை சுமார் 75 ஆயிரம். நம் பக்கத்து நடுத்தர நகராட்சி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுதான். குறுகிய கடைத்தெரு, மிதிவண்டி ரிக்‌ஷா, சாலையோரத் தேநீர்க் கடை, தெருவுக்குத் தெரு குளம் என்று அமைந்த ஊர்.

இவ்வூரின் சிறப்பை இரயில் நிலையத்திலேயே காணலாம். 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கி, உள்ளூர்க் கலைஞர்கள் நிலையத்தின் சுவர்களில் ஏறத்தாழ 7000 சதுர அடிப் பரப்பை ஓவியங்களால் நிறைத்தனர். மீன், ஆமை, தாமரை, மூங்கில், யானை, மணமக்கள், கிராமக் காட்சிகள் என எங்கும் வண்ணம். குறிப்பிடத் தக்க செய்தி யாதெனில், அக்கலைஞர்கள் இதனைக் கூலி பெறாமல் உழைப்புக் கொடையாகச் செய்தனர். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் விலையைப் பற்றிப் பேசுகையில் இது தேவைப்படும்.

இவ்வோவியக் கலை தோன்றிய இடம் வீட்டின் மண்சுவர். திருமணத்தின்போது மணமக்கள் தங்கும் அறைச் சுவரில் பெண்கள் தாமரையும் மூங்கிலும் கிளியும் மீனும் தீட்டுவர். அதற்குக் கோபர் என்று பெயர். அரிசி மாவைக் கரைத்துத் தரையில் வரைவதை அரிபன் என்பர். அதைக் கண்டதும் நம் மாணவியர், ‘நம்ம ஊர் மாக்கோலம்!’ என்று மகிழ்ந்தனர். சுவரில் வரைந்தது மழையிலும் காலத்திலும் அழியும். அடுத்த திருமணத்தில் மீண்டும் வரைவர். எந்தப் பெண் வரைந்தாள் என்று எவரும் எழுதி வைத்ததில்லை.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் வடபீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. வீடுகள் இடிந்தன. மதுபனிப் பகுதியில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் சேதத்தைப் பார்வையிடச் சென்றபோது, இடிந்த சுவர்களின் உட்புறத்தில் இவ்வோவியங்களைக் கண்டு வியந்தார். அவற்றைப் புகைப்படம் எடுத்தார். 1949-இல் ‘மார்க்’ என்னும் கலை இதழில் கட்டுரையும் எழுதினார். வீட்டுக்குள் மறைந்திருந்த கலையை வெளியுலகம் அறிந்தது இவ்வாறுதான்.

அடுத்த திருப்பத்தையும் ஒரு பேரிடரே கொண்டுவந்தது. 1966, 67-ஆம் ஆண்டுகளில் பீகாரில் கொடிய வறட்சி. வயல் காய்ந்தது, கூலி இல்லை, அடுப்பு எரியவில்லை. அப்போது அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகர் அம்மையார், பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் வரைவதைத் தாளில் வரைந்து தருமாறு அவர் பெண்களைக் கேட்டார். தாள் விலை போயிற்று. வீட்டுக்கு அரிசி வந்தது. ஜிதுவார்பூரைச் சேர்ந்த ஜகதம்பா தேவிக்கு 1975-இலும், சீதா தேவிக்கு 1981-இலும், கங்கா தேவிக்கு 1984-இலும் பத்மஸ்ரீ விருதுகள் கிடைத்தன. ஜப்பான் நாட்டு நீகாதா மாநிலத்தில் இவ்வோவியங்களுக்கென்றே 1982-இல் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. பஞ்ச காலத்தில் பசி தீர்க்க வந்த தாள், பதினைந்து ஆண்டுகளுக்குள் கடல் கடந்துவிட்டது.

இதுவரை கூறியது நூல்களில் எளிதாகக் கிடைக்கும் வரலாறு. நாம் கவனிக்க வேண்டியது இனிமேல் வருவது.

வறட்சிக் காலத்தில் அந்தத் தாள் முதலில் யார் கைக்குச் சென்றது? பெரும்பாலும் பிராமண, காயஸ்த குடும்பப் பெண்களின் கைக்கே சென்றது. வண்ணத்தை நிரப்பித் தீட்டும் முறைக்குப் பர்னி என்றும், மெல்லிய கோடுகளால் நிறைக்கும் முறைக்குக் கச்னி என்றும் பெயர். முன்னதைப் பிராமணப் பெண்களின் முறை என்றும் பின்னதைக் காயஸ்தப் பெண்களின் முறை என்றும் சொல்வது வழக்கம். வரைபொருள்களோ இராமன், சீதை, கிருஷ்ணன், துர்க்கை முதலிய புராணத் தெய்வங்கள். பசி எல்லாச் சேரிகளிலும் இருந்தது. சொல்லப்போனால் அங்குத்தான் மிகுதியாக இருந்தது. ஆனால் தாள் அங்குப் போய்ச் சேரச் சில ஆண்டுகள் ஆயின. நிவாரணமும் சாதிப் படிக்கட்டில் மேலிருந்து கீழாகத்தான் இறங்கியது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1970-களில் ஜெர்மனியைச் சேர்ந்த மானிடவியலாளர் எரிகா மோசர் என்பவர் அங்கு வந்து ஆய்வு செய்தார். துசாத் பெண்களையும் வரையுமாறு அவர் தூண்டினார். எதை வரைவது? புராணக் காட்சிகளை மற்றவர்களைப் போலவே வரைந்தால், அவர்களின் நகல் என்றுதான் உலகம் கூறும். அப்போது அப்பெண்கள் தங்களிடம் இருப்பது என்ன என்று பார்த்தனர். பொன் இல்லை, பட்டு இல்லை, கையிலும் காலிலும் பச்சை குத்திய கோலங்கள் இருந்தன. வட்டமும் புள்ளியும் பூவும் விலங்கும் வரிசை வரிசையாக அமைந்த அக்கோலங்களுக்கு கோத்னா என்று பெயர். ஜிதுவார்பூரைச் சேர்ந்த சானோ தேவி முதலியோர் தோலின்மேல் இருந்த அந்தக் கோலங்களைத் தாளின்மேல் கொண்டுவந்தனர். கோத்னா ஓவிய முறை பிறந்தது. தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்டிருந்த சமூகத்தில் பிறந்த ஜமுனா தேவியும், விலங்குகளையும் மனிதர்களையும் தம் போக்கில் துணிவாக வரைந்து புகழ் பெற்றார்.

வரைபொருளும் அவர்களுடையதாகவே அமைந்தது. துசாத் மக்களின் குலவீரர் ராஜா சல்ஹேஸ். யானைமேல் வருபவர், தம்பி மோதிராமும் பூந்தோட்டப் பெண்களும் சூழ நிற்பவர், ஊரைக் காப்பவர். நம் பக்கத்தில் மதுரை வீரனையும் காத்தவராயனையும் கூத்திலும் உடுக்கைப் பாட்டிலும் போற்றுவதுபோல, அவர்கள் சல்ஹேஸின் கதையை இரவு முழுவதும் பாடுவர். இராகு வழிபாட்டில் தீ மிதிக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஏட்டில் ஏறாத இக்கதைகள் ஓவியத்தில் ஏறின. சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் ஆகியோரின் ஓவியங்களில் பெரிதும் இடம்பெறுவதும் சல்ஹேஸின் கதையே.

ஓவியர் குடியிருப்பு ஒன்றில் ஒரு பகல் முழுவதும் இருந்தோம். எங்களுடன் வந்த ஆசிரியர் ஒருவர்க்கு இந்தி தெரியுமாதலால் பேச்சுக்குத் தடை இல்லை. கூரைவேய்ந்த திண்ணையில் முதிய பெண்மணி ஒருவர் தரையில் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தார். தாளில் முதலில் சாணநீரை மெல்லப் பூசி உலர்த்துகிறார். அதனால் தாள் மண்சுவரின் நிறம் பெறுகிறது. விளக்குக் கரியைக் குழைத்த மை. சீவிய மூங்கில் குச்சியே எழுதுகோல். பென்சிலால் முன்கூட்டிக் கோடிடுவதில்லை, அளவுகோலும் இல்லை. நடுவில் ஒரு மரம் எழுகிறது. அதைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சிறு உருவங்கள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் உருவமும் முன்னதைப் போலவே இருக்கிறது. ஆயினும் உற்றுப் பார்த்தால் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒரு தாள் முடிய இரண்டு, மூன்று நாள்கள் ஆகும் என்றார். தம் முன்கையை நீட்டிக் காட்டினார். அங்கிருந்த பச்சைக் கோலமே தாளிலும் இருந்தது.

படம் முடிந்ததும் அடியில் தம் பெயரை இந்தி எழுத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பள்ளிக்கூடம் போனதில்லை என்றும், படத்தில் பெயர் போடுவதற்காகவே பேரப்பிள்ளையிடம் அவ்வெழுத்துகளைக் கற்றுக்கொண்டதாகவும் கூறினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்று எழுத்தறிவித்தவர்கள் நாங்கள். ஆயினும் எழுத்தின் பயனை அவ்வளவு தெளிவாக எங்கள் மாணவர்க்கு நாங்கள் காட்டியதில்லை. பெயர் போடாத படம் எவருடையதாகவும் ஆகிவிடும். பெயர் போட்டால் அது அவருடையது.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் அதை மறக்க விடமாட்டார்கள். குளமும் மீனும் மக்கானாவும் மிதிலையின் பெருமை என்பது அவ்வூரார் பேச்சு. கடுகை அரைத்து ஊற்றிக் கடுகெண்ணெயில் வைத்த மீன்குழம்பும் சோறும் அங்கு விருந்தின் முதலிடம். எண்ணெய் மணம் முதல் நாளில் எங்களுக்குப் புதிதாக இருந்தது. மூன்றாம் நாளில் சட்டி காலியாயிற்று. காலை உணவாக அவலும் தயிரும் வெல்லமும். காய்களையும் இலைகளையும் மாவில் தோய்த்துப் பொரிப்பதைத் தருவா என்பர். அவற்றுள் சிறந்தது தில்கோர் இலைத் தருவா. தில்கோர் என்பது வேறொன்றுமன்று. நம் வேலியில் படர்ந்து கிடக்கும் கோவைக் கொடிதான். அரிசி மாவுக்குள் வெல்லப் பூரணம் வைத்து அவிக்கும் பகியா நம் கொழுக்கட்டையின் உடன்பிறப்பு.

மக்கானாவை நம் கடைகளில் ‘தாமரை விதை’ என்று விற்கின்றனர். உண்மையில் அது தாமரையின் விதையன்று. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையெல்லாம் முள் நிறைந்த ஒரு நீர்ச்செடியின் விதை அது. காய் வெடித்து விதைகள் குளத்தின் அடிச்சேற்றில் புதைந்துவிடும். மல்லா என்னும் மீனவ சமூகத்தினர் மூழ்கி மூழ்கி, சேற்றைத் துழாவி, மூங்கில் கூடையில் அவ்விதைகளை வாரி எடுப்பர். கை, கால், மார்பு எங்கும் முள் கிழிக்கும். பின்னர்க் கழுவி உலர்த்தி, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்து, மீண்டும் வறுத்து, சூடு ஆறுமுன் மரக்கட்டையால் ஓங்கி அடிப்பர். கருநிற ஓடு உடைந்து வெண்ணிறப் பொரி வெளிவரும். அடுப்பின் அனலில் ஒரு குடும்பமே அமர்ந்து இவ்வேலையைச் செய்வதைக் கண்டோம். அடி ஒரு நொடி தாமதித்தாலும் விதை மலராது. 2022-இல் ‘மிதிலா மக்கானா’ புவிசார் குறியீடு பெற்றது. இப்போது பெருநகரக் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் நல்ல விலைக்கு விற்கின்றது. அவ்விலைக்கும் சேற்றில் மூழ்கியவரின் கூலிக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

இந்த மல்லா சமூகத்தில் பிறந்தவர்தான் துலாரி தேவி. அச்சமூகம் பீகாரில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளது. ராந்தி என்னும் ஊரில் புகழ்பெற்ற ஓவியர் மகாசுந்தரி தேவியின் வீட்டில் பாத்திரம் கழுவி, வீடு பெருக்கி வேலை செய்தவர். அங்குப் படம் வரைவதைப் பார்த்துப் பார்த்து ஆசை கொண்டார். கர்ப்பூரி தேவி முதலியோரிடம் கற்றார். அவருடைய வாழ்க்கையை அவரே வரைந்த படங்களோடு நூலாக வெளியிட்டது நம் சென்னையிலுள்ள தாரா புக்ஸ் பதிப்பகம். 2021-இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், துலாரி தேவி தம் கைப்பட வரைந்து அளித்த சேலையை உடுத்தி நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படித்தார். அதே உரையில் பீகாரில் மக்கானா வாரியம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. மல்லா மக்களின் கைவினை சேலையாகவும், அவர்களின் உழைப்பு அறிவிப்பாகவும் ஒரே நாளில் நாடாளுமன்றம் சென்றன. சேலைக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. மக்கானாவுக்குள் மூழ்கியவர் பெயர் இல்லை. அவர்களுக்கும் அந்த வாரியத்தால் நன்மை விளைய வேண்டும் என்பதே நம் விருப்பம்.

உணவோடு சேர்ந்த மற்றொரு செய்தி. ஓவியர் குடியிருப்பில் எங்களுக்குச் சோறும் மீனும் படைத்தனர். நாங்களும் தமிழ்நாட்டில் அவர்களைப் போன்ற குடியில் பிறந்தவர்களே என்று ஆசிரியர் இந்தியில் கூறியதும், ‘அங்கும் உண்டா?’ என்று வியந்து கேட்டனர். குளங்களுக்குப் பெயர்பெற்ற அந்நாட்டிலும், எந்தக் குளத்தில் யார் நீர் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடுகள் முன்பு இருந்ததை முதியோர் நினைவுகூர்ந்தனர். அண்ணல் அம்பேத்கர் 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் நீர் அள்ளிப் பருகியதை அவர்களுக்கு எடுத்துக் கூறினோம். மொழி வேறு, உடை வேறு, எண்ணெய் வேறு. ஆனால் அந்த ஒரு வாய் நீரின் பொருள் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே.

இனி விலையைப் பற்றி. எல்லா வீட்டிலும் விருது இல்லை. விருது பெற்ற சிலரின் பின்னால் நூற்றுக்கணக்கான கைகள் நாள் முழுதும் வரைகின்றன. நகரத்து வணிகர்கள் வந்து கட்டுக்கட்டாக வாங்கிச் செல்கின்றனர். வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. அச்சுப்பொறியில் அடித்த துணியும் தட்டும் ‘மதுபனி’ என்ற பெயரில் எங்கும் விற்கின்றன. மதுபனி ஓவியத்துக்கு 2007-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆயினும், சட்டம் இருந்தாலும் அதைப் படித்து, விண்ணப்பம் எழுதி, கணக்குக் கேட்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும் அன்றோ? நாங்கள் பார்த்த வீடுகளில், பள்ளி இறுதி வரையேனும் படித்த மகனோ மகளோ இருந்த வீடு நிமிர்ந்து நின்றது. கண்காட்சிக்கு விண்ணப்பிப்பதும், வங்கிக் கணக்கில் பணம் வாங்குவதும், படத்தின் பின்புறத்தில் விலையும் பெயரும் எழுதுவதும் அப்பிள்ளைகளே. அப்படி ஒருவர் இல்லாத வீடு வணிகர் சொன்ன விலைக்குத் தலையசைத்தது. இரயில் நிலையச் சுவரில் உழைப்புக் கொடையாக வரைந்ததை முன்னே கூறினோம். ஊர்ப்பற்றால் கொடுத்த கொடை போற்றற்குரியது. ஆனால் அன்றாடங்காய்ச்சியின் உழைப்பைக் கொடையாகப் பெறுவதற்கு உலகம் எப்போதும் ஆயத்தமாகவே இருக்கும். கொடை எது, கூலி எது என்று பிரித்தறிய வேண்டியவர் நாமே.

இளைஞர்களே! தொடக்கத்தில் கூறிய வினாவுக்கு வருவோம். பழைய கைத்தொழிலைப் பேண வேண்டுமா, விட வேண்டுமா?

விட வேண்டும் என்போரின் கட்சி வலுவானது. நம் முன்னோர் பறை அடித்ததும், தோல் பதனிட்டதும், பிணத்துக்குக் குழி தோண்டியதும் விரும்பித் தேர்ந்த வேலைகள் அல்ல. ஊர் ஏவியது, மறுக்க முடியவில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்வோரையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் தெளிவாக நிறுவியுள்ளார். அந்த ஏவலைக் கலை என்று பெயர் மாற்றி மறுபடியும் நம் பிள்ளைகளின் தோளில் ஏற்ற எவர் வந்தாலும் நாம் இசையக் கூடாது. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

ஆனால் மதுபனியில் நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். பச்சை குத்துவது துசாத் பெண்களின் குலத்தொழில் அன்று. நட் என்னும் நாடோடி இனத்துப் பெண்களே அங்குப் பச்சை குத்தினர். நம் நாட்டில் குறவர் இனப் பெண்கள் குத்தியதுபோல. ஊசி பிடித்த அந்தக் கைகளையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். துசாத் பெண்கள் தம் உடலில் சுமந்த கோலத்தையும், தம் வீட்டில் கேட்ட கதையையும் எடுத்து, முன்பு எவரும் செய்யாத ஒன்றைச் செய்தனர். ஊர் ஏவிய வேலை அதில் இல்லை. ஊர் மதியாத நினைவு அதில் இருந்தது. ஏவிய வேலையை விட்டுவிடலாம், விடத்தான் வேண்டும். நினைவை விட்டுவிட்டால் நாம் யார் என்பதைப் பிறர் எழுதுவர். அவர்கள் எப்படி எழுதுவர் என்பதை நாம் அறிவோம். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியதும், நம் கதையை நாமே எழுத வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே எங்கள் விடை இதுதான். தொழிலில் கட்டாயம் கூடாது. நினைவில் மறதி கூடாது. இரண்டுக்கும் காவல் கல்வி. படிப்பை நிறுத்திவிட்டுக் கலைக்குப் போ என்று எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் சொல்லமாட்டோம். மதுபனியில் 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மிதிலா கலை நிலையம், இளைஞர்களைத் தேர்வு வைத்துச் சேர்த்துக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்தது. படிப்பும் கலையும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

நம் கழகம் செய்யக்கூடியவை மூன்று. அவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது: நம் தெருக்களில் எண்பது வயதைக் கடந்த பாட்டிமார் இன்னும் சிலர் உள்ளனர். அவர்தம் முன்கைகளில் தேர்க்கோலமும் தேளும் பூவும் பச்சையாக உள்ளன. அவர்கள் அறிந்த ஒப்பாரியும் தாலாட்டும் நடவுப்பாட்டும் வீரர் கதைகளும் எந்த நூலிலும் இல்லை. விடுதி மாணவர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு, வரும் கோடை விடுமுறையில் அவற்றை எழுதியும் வரைந்தும் வர வேண்டும். சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தவறாமல் குறிக்க வேண்டும். நோட்டுப் புத்தகங்களை நம் நூலகத்தில் பாதுகாப்போம்.

இரண்டாவது: கையால் தொழில் செய்யும் நம் உறுப்பினர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், தம் பெயரை எழுதவும், இரசீது படிக்கவும், வங்கிப் புத்தகம் பார்க்கவும் கற்றுக்கொள்ள மாலை வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும். ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டு நடத்துவோம். அதற்கு எங்களில் நால்வர் இப்போதே பெயர் கொடுத்துள்ளோம்.

மூன்றாவது: வரையவோ, இசைக்கவோ, செதுக்கவோ விருப்பமுள்ள மாணவ மாணவியரை ஆண்டுக்கு இருவரேனும் அரசு கவின்கலைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். பொறியியலுக்கும் செவிலியர் பயிற்சிக்கும் உதவித்தொகை அளிக்கும் நம் கழகம், இதற்கும் அளிக்க வேண்டும். பிள்ளை விரும்பினால் மட்டுமே. பெற்றோரோ ஆசிரியரோ ஏவி அன்று.

அந்த ஓவியக் குடியிருப்பில் நாங்கள் வாங்கிவந்த சல்ஹேஸ் ஓவியம் ஒன்றைக் கழக நூலகத்தின் சுவரில் மாட்டியுள்ளோம். கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுத்து வாங்கினோம். அனைவரும் சென்று பாருங்கள். யானையைப் பாருங்கள், வீரனைப் பாருங்கள், கீழே வலது மூலையில் இருக்கும் கையெழுத்தையும் பாருங்கள். எழுத்துகள் சற்றே கோணலாக இருக்கும். அவற்றை எழுத அந்த அம்மையார்க்கு அறுபது ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே அது கிட்டியிருக்கிறது என்றால், அதன் பின்னால் இக்கழகத்தைப் போன்ற அமைப்புகளின் உழைப்பு இருக்கிறது.

அந்த உழைப்பைத் தொடர்வோம். வெள்ளி விழாக் காணும் நம் கழகம் பொன் விழாவும் காண வேண்டும். அன்று இம்மேடையில் நின்று பேசுவோர் இன்று கீழே அமர்ந்திருக்கும் மாணவ மாணவியராக இருக்க வேண்டும்.